கல்லைப் பெயர்க்குமுன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் பகுதியின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பழைய கட்டடம் ஒன்றிலே சிறியதொரு மாற்றம் செய்ய வேண்டுமாயின் யாரிடம், எவ்வாறு அனுமதி பெறுவது என்பது பற்றிப் பேசும்படி எங்களைப் பணித்தார்கள். விழா மேடைக்கு இது பொருத்தமான விடயந்தானா என்று சிலர் ஐயுறலாம். நாயன்மார் வரலாறோ திருக்குறளோ ஆயின் கேட்க இனிமையாயிருக்கும். விண்ணப்பம், வர்த்தமானி, அனுமதிப் பத்திரம் என்றால் கச்சேரி வாசலில் வரிசையில் நின்ற நினைவே பலருக்கும் வரும். ஆயினும் எமது சங்கத்துக்குத் தோட்டங்களிலிருந்து வருகின்ற கடிதங்களைப் புரட்டிப் பார்த்தால், அவற்றுட் பெரும்பாலானவை கோயில் திருப்பணி பற்றியவையே. ஓரிடத்தில் இரும்புக் கிறில் வேண்டும். வேறோரிடத்தில் மினுங்குகின்ற தரை ஓடு வேண்டும். இன்னோரிடத்தில் ஒலிபெருக்கி கட்டச் சுவரில் நாலு துளை போட வேண்டும். கேட்பவை யாவும் சிறியவை. சிறியவையென்ற காரணத்தினாலேயே அவற்றை யாரையும் கேளாமற் செய்துவிடுகிறார்கள்; பத்து வருடங்களுக்குள் பழைய கோயில் எது, புதுக் கோயில் எது என்று தெரியாமற் போய்விடுகின்றது.

முதலிலே சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். இலங்கையில் தொல்பொருளியல் திணைக்களம் 1890இல் ஆரம்பமாயிற்று. எச். சி. பி. பெல் என்பவர் அதன் முதலாவது தலைவர். இன்று நடைமுறையிலிருப்பது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். 1998இல் அது திருத்தப்பட்டது. பாதுகாக்கப்பட்ட சின்னமென்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட ஒரு கட்டடத்திலே புதுக்குதல், பழுது பார்த்தல், மாற்றுதல், கூட்டுதல் ஆகிய எந்த வேலையையும் தொல்பொருளியல் திணைக்களத் தலைவரின் அனுமதிப் பத்திரமின்றித் தொடங்கலாகாது என்பது அதன் சாரம். கட்டடம் தமக்கே சொந்தமென்று உறுதி காட்டினாலும் விதி மாறாது. பழுது பார்ப்பதற்குங்கூட அனுமதி வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது. கெட்ட எண்ணத்தோடு பழைய கட்டடத்தை உடைப்பவன் அரிது. நல்ல எண்ணத்தோடு பழுது பார்க்கப்போய் அதைக் கெடுத்தவர்களே அதிகம். சட்டத்தை எழுதியவர்கள் அதை அறிந்தே எழுதியிருக்கிறார்கள்.

காலிக் கோட்டைக்குள்ளே வீடு வைத்திருப்பவர்களைப் பாருங்கள். அந்தக் கோட்டை 1988இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள், சமைக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். வீதியைப் பார்த்த சன்னலை மாற்ற வேண்டுமென்றால் அவர்களும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அவர்களுக்கு அது தொல்லைதான், ஐயமில்லை. ஆயினும் அந்தத் தொல்லையினாலேயே அந்த வீதி இன்னும் அந்த வீதியாக இருக்கிறது.

எமது பதுளைப் பகுதிக்கு வருவோம். ஹாலிஎலைக்கு அப்பால் போகொடையில் ஓடு வேய்ந்த மரப்பாலம் ஒன்றிருப்பது உங்களிற் பலருக்குத் தெரியும். பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்று கூறுவர். சென்ற விடுமுறையில் நாங்கள் சிலர் அங்கு போனோம். மரத்தாலான பாலத்தில் எல்லாமே உளுத்துப்போகக் கூடியவை. ஆகவே காலத்துக்குக் காலம் பலகையை மாற்றாமல் அது நிற்க முடியாது. அப்படியானால் அனுமதி எதற்கு? என்ன மரம், எந்த அளவு, ஆணியா, மரப் பொருத்தா, கழற்றிய பலகை எங்கே போகிறது என்ற கேள்விகளுக்கு யாராவது முன்கூட்டியே விடை சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான். அவ்விடைகளைக் கேளாமல் அவரவர் மனம்போல ஒவ்வொரு பலகையாக மாற்றிக்கொண்டே போனால், ஒருநாள் இரும்பாணி அடித்த புதுப் பாலமொன்று பழைய பாலத்தின் பெயரோடு அங்கே நிற்கும். பதுளை நகருக்குள்ளே எண்கோண வடிவில் நிற்கும் பழைய வெலேகடைச் சந்தையும் பாதுகாப்புப் பெற்ற கட்டடமே. அது ஆங்கிலேயர் காலத்தது.

ஆங்கிலேயர் காலத்தது என்று சொன்னதில் ஒரு காரணம் உண்டு. மேற்சொன்ன சட்டத்திலே ஒரு தேதி வருகின்றது: 1815 மார்ச் 2. கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த உடன்படிக்கையின் தேதி அது. அதற்கு முற்பட்ட சின்னங்களைச் சட்டம் தானாகவே பழஞ்சின்னமாக மதிக்கின்றது. பிற்பட்டவையோ தனிக் கட்டளையினாலே சேர்க்கப்பட வேண்டியவை. வெலேகடைச் சந்தை போன்றவை அவ்வழியிலேதான் வந்து சேர்ந்தன. இங்கே நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், எமது முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியது 1820களில். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிலே தேயிலை பயிரிட்டது 1867இல். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் முடிந்தது. புகைவண்டி பதுளைக்கு வந்தது 1924இல். எமது மக்கள் இம்மலைகளிலே கட்டியது, செதுக்கியது, நட்டது யாவும் அந்தத் தேதிக்குப் பிந்தியவை. சட்டத்தின் நாட்காட்டி முடிகின்ற இடத்திலேதான் எமது வரலாறு தொடங்குகின்றது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. 1940இல் சட்டம் இயற்றியவர்களின் மனத்தில் அனுராதபுரமும் பொலன்னறுவையும் இருந்தன. ஆனால் பிற்பட்டதையும் சேர்க்கலாம் என்று வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அந்த வாசலில் எமது தோட்டத்துக் கோயிலொன்றுக்காக நாம் போய்த் தட்டியதுண்டா? பெரியோர்களையே கேட்கிறோம்.

இனி, அனுமதி என்ற சொல்லே எம்மவருக்குக் கசப்பானது என்பதை நாங்கள் அறியாதவர்களல்லர். லயத்திலே பிறந்த பிள்ளைகள் நாங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலே புகை போவதற்கு ஒரு சன்னல் வெட்ட வேண்டுமென்றாலும், கோடிப்புறத்தில் ஒரு தகரம் சாய்க்க வேண்டுமென்றாலும், ஆபீசுக்குப் போய்த் துரையைக் கண்டு, கையைக் கட்டி நின்று கேட்க வேண்டியிருந்தது. 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. துரைமார் மாறினார்கள், கேட்கிற வழக்கம் மாறவில்லை. ஆகவே கோயிலிலாவது எவனையும் கேளாமல் எமது விருப்பம்போலச் செய்வோம் என்று இளைஞர்கள் சொன்னால், அந்த ரோஷம் எங்களுக்கும் விளங்குகின்றது. கோயில் ஒன்றுதான் எமக்குச் சொந்தமாயிருந்தது.

ஆனால் இரண்டு அனுமதிகளையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்ளலாகாது. துரையிடம் கேட்ட அனுமதி, சுவர் யாருடையது என்பதைக் காட்டுவதற்காக. பழஞ்சின்னத்துக்குக் கேட்கும் அனுமதி, சுவர் என்னவாக இருக்கிறது என்பதை எழுதி வைப்பதற்காக. முன்னதிலே கேட்கிறவன் சிறுமைப்படுகிறான். பின்னதிலே கேட்பவன் தான் செய்யப்போவதைச் சிந்தித்துச் சொல்லும்படி ஆகிறான்.

அதுவும் ஆங்கிலேயனிடம் கற்ற பாடமல்ல. மிஷன் பள்ளியிலே படித்தவர்கள் நாங்கள். காலையில் அங்கே கீதம் பாடி, மாலையில் மாரியம்மன் கோயிலிலே பஜனை பாடி வளர்ந்தோம். ஆகையால் இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் அறிவோம். கும்பாபிஷேகப் பத்திரிகைகளை நீங்கள் எல்லோரும் வாசித்திருக்கிறீர்கள். அதிலே முதலாம் நாட் கிரியைகளின் தலைப்பில் என்ன அச்சிட்டிருக்கும்? அனுஜ்ஞை. அதற்குப் பொருள் இசைவு கேட்டல், உத்தரவு பெறுதல். விநாயகரிடமும் ஆசாரியரிடமும் கூடியிருக்கும் பெரியோரிடமும் 'இதைச் செய்ய உத்தரவு தாருங்கள்' என்று கேளாமல் ஒரு கிரியையும் தொடங்குவதில்லை. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்து மூர்த்தியை வேறிடத்தில் எழுந்தருளச் செய்கிறோமே, அதன் பொருளும் அதுதான்: உள்ளே இருப்பவரை அறிவிக்காமல் வீட்டை இடிக்கக் கூடாது. பழுதடைந்த கோயிலைப் புதுக்குவதற்கு ஜீர்ணோத்தாரணம் என்று பெயரிட்டு, மயமதம் என்ற சிற்ப நூலிலே அதற்கெனத் தனி அத்தியாயமே வைத்திருக்கிறார்கள். இத்தனையும் வைத்திருக்கும் நாம், அனுஜ்ஞையைக் குருக்கள் சொல்லும் மந்திரத்தோடு நிறுத்திவிட்டு, அதற்கு முந்திய மாதமே கடப்பாரையைக் கொண்டு சுவரைப் பெயர்த்துவிடுகிறோம்.

சோழ நாட்டுச் செய்தி ஒன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. கொள்ளிடக் கரையிலே திருமழபாடி என்ற பாடல் பெற்ற தலம். முதலாம் இராசராசன் தன் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டிலே அக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டும்படி ஆணையிட்டான். பழைய சுவரில் முன்னிருந்தோர் அளித்த தானங்களின் கல்வெட்டுக்கள் இருந்தன. சுவரைப் பிரித்தால் அவை போய்விடும். எனவே முதலில் அவற்றை ஏட்டிலே படியெடுக்கச் செய்தான். மகன் இராசேந்திரனின் பதினான்காம் ஆண்டிலே புது விமானச் சுவரில் அவை மீண்டும் வெட்டப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவனுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய கட்டாயம் இருந்திருக்குமா? இருந்தும், முன்னே ஆடு கொடுத்தவன், விளக்குக் கொடுத்தவன், நிலம் கொடுத்தவன் ஆகியோர் பெயரை அழிக்கத் தனக்கு உரிமையில்லையென்று எண்ணியிருக்கிறான். சக்கரவர்த்திக்கே இல்லாத உரிமை எமது திருப்பணிச் சபைகளுக்கு எங்கிருந்து வந்தது?

இனி எங்கள் கண்ணாற் கண்டதைச் சொல்லுவோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பதுளையிலிருந்து சில மைல் தூரம். கோயிலுக்கு ஏறும் கருங்கற் படிகளைப் பெயர்த்துவிட்டுச் சீமெந்துப் படி கட்டியிருந்தார்கள். வயோதிபர் வழுக்கி விழாமலிருக்கக் கைபிடியும் வைத்திருந்தார்கள். அது நல்ல காரியம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பெயர்த்த கற்கள் எங்கே என்று விசாரித்தோம். மடப்பள்ளிக்கு அத்திவாரமாகப் போட்டுவிட்டார்களாம். குனிந்து பார்த்தபோது ஒரு கல்லின் ஓரத்தில் எழுத்துத் தெரிந்தது. 'உபயம்' என்ற சொல்லும், அதற்குமேல் ஒரு பெயரின் பாதியும், பழைய தமிழ் எண்களில் ஓர் ஆண்டின் முதலிரண்டு இலக்கங்களும். மீதி சீமெந்துக்குள் இருக்கிறது. அக்கல்லைக் கொடுத்தவர் யார், கங்காணியா, கவ்வாத்து வெட்டிய தொழிலாளியா, எந்த வருடம் கொடுத்தார் என்பதை அறிய இனி மடப்பள்ளியை இடிக்க வேண்டும். படியைப் பெயர்த்தவர்களிடம் கேட்டோம். 'எழுத்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை தம்பி. யாரும் சொல்லவுமில்லை' என்றார்கள். உண்மையைத்தான் சொன்னார்கள். யாராவது ஒருவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும் என்ற வழக்கம் இருந்திருந்தால், அந்த ஒருவர் வந்து பார்த்திருப்பார்.

இது என்ன பெரிய நட்டம் என்று கேட்கலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவரிடம் என்ன கேட்டது என்பதை இங்குள்ள முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். தகப்பன் இலங்கையிற் பிறந்தவனா? அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா? காட்டு, என்றார்கள். பிறப்புப் பத்திரம் எத்தனை பேரிடம் இருந்தது? 1964இலே இரண்டு பிரதமர்கள் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எமது மக்களைத் தொகை போட்டுப் பங்கிட்டார்கள். நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்கு முடிவாக வழி பிறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே. இத்தனை காலமும் எமது குறை, எழுத்திலே எமக்கொன்றுமில்லை என்பது. ஏட்டிலே இல்லை, உறுதியிலே இல்லை. எழுத்து இருந்த இடம் கோயிற்படி, கோயில் மணி, குத்துவிளக்கின் அடி, சூலத்தின் பீடம். அவற்றை ஒரு நீதிமன்றம் சான்றாக ஏற்றிருக்குமோ என்பது வேறு கேள்வி. இன்னாருடைய மகன் இன்னார் இந்த மலையிலே இந்த வருடத்திலே இருந்தார் என்பதற்கு எமது கையால் நாமே எழுதிய சாட்சி அது. அதையும் நாமே சீமெந்துக்குள் புதைத்தால் யாரை நோவது?

எழுத்து மட்டுமன்று. ரோதைமுனிக்கு இஸ்டோர் ஓரத்திலே நட்ட கல், காமன் நடும் பொட்டல், முனியாண்டிக்கு நின்ற மரம், இவையெல்லாம் கட்டடமென்று யாருக்கும் தோன்றுவதில்லை. காமன் பொட்டலை மட்டமாக்கிக் கொங்கிரீட் மேடை போட்ட இடங்கள் உண்டு. மேடையிலே பரிசளிப்பு விழா நன்றாக நடக்கிறது. காமன் நடுவதற்கு மண்ணில்லை.

சிறிய மாற்றம் எப்படிப் பெரிய கேடாகின்றது என்பதற்கு ஒரு சாதாரண உதாரணம் சுவர்ப்பூச்சு. பழைய கோயிற் சுவர்கள் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டியவை. சுண்ணாம்பு, ஈரத்தை வாங்கிப் பின் வெயிலிலே வெளியே விட்டுவிடும். அதன்மேல் சீமெந்தைப் பூசி, எனாமல் வர்ணமும் அடித்துவிட்டால், தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியே போக வழியில்லை. ஊவாவிலே ஐப்பசி கார்த்திகையில் தொடங்கி மழை கொட்டும். ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, இரண்டு மூன்று மழைக்குள் பூச்சு பொருக்குப் பொருக்காக விழும். விழும்போது பழைய சாந்தையும் பிடித்துக்கொண்டு விழும். பிறகு, 'சுவர் பலமில்லை, இடித்துக் கட்ட வேண்டும்' என்று மேஸ்திரி சொல்லுவார். சுவரைக் கெடுத்தது சீமெந்துதான். ஒரு மூடை சுண்ணாம்பும் கை பழகிய ஒரு ஆளும் போதுமான இடத்திலே, ஊரெல்லாம் ரசீதுப் புத்தகம் கொண்டு போய் இலட்சக்கணக்கிலே தண்டுகிறோம்.

தற்காலிகமான மாற்றமும் மாற்றமே. 1997 ஜூன் மாதத்திலே தஞ்சைப் பெரிய கோயிலில் கும்பாபிஷேகத்துக்காக உள்ளே போட்டிருந்த யாகசாலைப் பந்தல் தீப்பற்றி நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். ஆயிரம் வருடக் கருங்கற் கோயிலுக்குள்ளே நாலு நாளைக்குப் போட்ட கீற்றுப் பந்தல்! 2020இல் அங்கே மீண்டும் கும்பாபிஷேகம் நடந்தபோது யாகசாலையைக் கோயிலுக்கு வெளியே அமைத்தார்கள்.

அப்படியானால் ஒரு மின்குமிழ் மாற்றுவதற்கும் விண்ணப்பம் எழுத வேண்டுமா என்று இளைஞர் சிலர் எங்களைக் கேலி செய்தார்கள். கேள்வி நியாயமானது. இதற்கு இங்கிலாந்துத் திருச்சபையார் ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அங்கே பழைய தேவாலயத்தில் ஒரு வாங்கைப் பெயர்ப்பதற்கும் மறைமாவட்ட நீதிபதியின் உத்தரவு பெற வேண்டும் என்பது நூற்றாண்டு நூற்றாண்டாக வந்த வழக்கம். ஆனால் எல்லாவற்றுக்கும் நீதிபதியிடம் போனால் வேலை நடவாது என்று கண்டு, 2015இல் ஆக்கிய விதிகளிலே இரண்டு பட்டியல்கள் சேர்த்தார்கள். முதற் பட்டியலில் உள்ளவற்றை யாரையும் கேளாமற் செய்யலாம். இரண்டாவதில் உள்ளவற்றுக்கு அர்ச்சுதியாக்கன் எனப்படும் மேற்பார்வைக் குருவின் ஓர் எழுத்து போதும். மற்றவை நீதிபதிக்கு. நல்லதை யார் செய்தாலும் எடுத்துக் கொள்வதில் எங்களுக்குக் கூச்சமில்லை.

எமது தோட்டத்துக் கோயில்கள் சட்டப் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சங்கமும் கோயில் பரிபாலன சபைகளும் தமக்குத் தாமே இப்படியொரு வழக்கத்தை ஏற்படுத்திக் கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து. விளக்கு, மணிக்கயிறு, ஒழுகும் தகரம், புல் வெட்டுதல், இவற்றுக்குக் கேட்க வேண்டியதில்லை. சுவரில் துளை போடுதல், வர்ணம், தரை, கதவு, மின்சாரக் கம்பி, வயோதிபருக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் சரிவுப் பாதை, இவற்றுக்குச் சபை கூடித் தீர்மானித்து, மாற்றுமுன் படமெடுத்து, அளவு குறித்துக் கொப்பியிலே எழுத வேண்டும். மீண்டும் கழற்றக் கூடியதாகச் செய்ய முடியுமானால் அப்படியே செய்ய வேண்டும். சரிவுப் பாதை வேண்டாமென்று நாங்கள் சொல்லமாட்டோம். படியின்மேல் மரத்தால் ஒன்றை வைத்தால் கல்லும் இருக்கும், கிழவியும் சாமி பார்ப்பாள். கருவறை, விக்கிரகம், எழுத்துள்ள கல், கோபுரம், இவற்றிலே கை வைப்பதானால் ஊர் முழுவதையும் கேட்க வேண்டும்.

ஊர் முழுவதும் என்றால் யார்? இதிலே எங்கள் பெரியோர்கள் சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டும். தலைவர், பொருளாளர், குருக்கள், தொழிற்சங்கத் தலைவர், தோட்ட நிர்வாகம், இவ்வளவோடு முடிந்துவிடுகிறது. கோயிற்காசு செக்ரோலிலே யாருடைய சம்பளத்திலிருந்து பிடிபடுகிறது? கொழுந்து பறிக்கிற தாய்மாரின் சம்பளத்திலிருந்துந்தான். மழையிலே அட்டை கடிக்க நின்று சம்பாதித்த பேரிலே பிடித்த காசு அது. தீர்மானிக்கும் கூட்டத்திலே அவர்களுக்கு இருக்கையில்லை. திருவிழாவன்று மாவிளக்கு ஏந்தத்தான் அழைப்பு. எழுத்துக் கல்லில் தன் மாமியார் பெயர் இருந்ததை ஞாபகம் வைத்திருப்பவள் ஒரு கிழவியாகத்தான் இருப்பாள். அவளைக் கேட்காமல் பெற்ற அனுமதி முழு அனுமதியல்ல.

இன்னொரு கேள்வியை மறைத்துவிட்டுப் போவது நேர்மையல்ல. தொல்பொருட் சட்டத்தை நம்பலாமா? வடக்கிலும் கிழக்கிலும் எம்மவர் அந்தச் சட்டத்தின் பெயரைக் கேட்டாலே அஞ்சுகிறார்கள். கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கென 2020இல் ஒரு செயலணியை நியமித்தபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. வவுனியா மாவட்டத்திலே வெடுக்குநாறி மலையில் வழிபாட்டுக்குத் தடைகளும் வழக்குகளும் வந்தன; 2023 மார்ச்சிலே அங்கிருந்த விக்கிரகங்கள் பெயர்த்தெறியப்பட்டுக் கிடந்தன. அனுமதி கொடுப்பவன் எல்லோருக்கும் ஒரே தராசு பிடித்தாலன்றி அனுமதி கேட்பவனுக்கு நம்பிக்கை வராது. இது அரசாங்கத்தார் கேட்க வேண்டிய வார்த்தை. ஆனால் அதன் காரணமாக நாம் ஒதுங்கியிருந்தால் நடப்பது என்ன? எழுதி வைத்தவனுக்கே பேச வாயுண்டு. அளவும் படமும் ஆண்டும் உள்ள கொப்பி எம்மிடம் இருந்தால், நாளைக்கு யார் வந்து எது சொன்னாலும் விரித்துக் காட்டலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம்; 1987ஆம் ஆண்டு முதல் தமிழும் அரச கரும மொழி. ஓர் அலுவலகத்திலே எங்களுக்குச் சிங்களப் படிவம் ஒன்றைத் தந்து, தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது என்றார்கள். அடுத்த கிழமை போனோம், அப்போதும் முடிந்திருந்தது. வெள்ளைத் தாளிலே தமிழில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதிலும் வந்தது.

லயங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூறு வருடத்துக்கு மேற்பட்ட லயங்கள் ஊவாவிலே இன்னும் நிற்கின்றன. அவற்றையும் பழஞ்சின்னமாக்கி ஒன்றையும் மாற்றாதே என்று சொல்லப் போகிறீர்களா என்று ஒருவர் எங்களைக் கேட்டார். ஒருபோதும் இல்லை. 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியதைக் கண்ட பின்பும், மனிதரை லயத்திலே வைத்துக்கொண்டு அதன் பழைமையைப் பேசுகிறவன் மனிதனல்லன். முதலில் மக்களுக்குக் காணியும் வீடும். வெறுமையான பின்னர் ஒரு லயத்தை, ஒரே ஒரு லயத்தை, அடுப்பும் புகைபடிந்த சுவரும் உள்ளபடியே விட்டு வைக்கலாம். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்திலே 2007இல் ஒரு பழைய லயத்தைத் தொழிலாளர் அரும்பொருட்சாலையாக ஆக்கியிருக்கிறார்கள். ஊவாவிலும் அப்படி ஒன்று வேண்டும். அதைப் பற்றிச் சங்கம் தனியே ஆலோசிக்கட்டும்.

இப்போது ஆக வேண்டிய காரியத்தைச் சொல்லி முடிக்கிறோம். இளைஞர் பகுதியினர் தைப்பொங்கல் விடுமுறை தொடங்கி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு தோட்டத்துக் கோயிலுக்குப் போவதென்று தீர்மானித்திருக்கிறோம். அளவு நாடாவும் கமராவும் எங்களிடம் உண்டு. நீளம் அகலம் எடுப்போம். கல், மணி, விளக்கு, சூலம் ஒவ்வொன்றிலும் உள்ள எழுத்தைப் படியெடுப்போம். ஒரு பிரதி கோயிலுக்கு, ஒரு பிரதி சங்கத்துக்கு, ஒரு பிரதி பதுளை நூலகத்துக்கு. திருப்பணி தொடங்கவிருக்கும் சபைகள் கல்லைப் பெயர்ப்பதற்கு ஒரு மாதம் முன்னதாகச் சங்கத்துக்கு ஓர் அஞ்சலட்டை போட்டால் போதும், அந்தக் கோயிலுக்கு முதலில் வருவோம். பெரியவர்களிடம் ஓர் உதவி கேட்கிறோம். பழைய தமிழ் எண்களை வாசிக்க எங்கள் தலைமுறைக்குப் பழக்கமில்லை. தேய்ந்த கல்லிலே அவற்றைத் தடவிப் பார்த்துச் சொல்லக் கூடியவர்கள் இச்சபையிலே பலர் இருக்கிறீர்கள். மலையேற முடியாதவர்களைத் தூக்கிச் செல்ல ஆள் இருக்கிறோம். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேசைக்கு வரவும்.